தேன்கூடு டைல்ஸ் படம் போட்டா ஓரத்தையும் சேத்து போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன வாரம் உங்க பேப்பர்ல வீட்டு அலங்காரப் பக்கத்துல அறுகோண டைல்ஸ் பத்தி பெருசா எழுதியிருந்தீங்க, ஹால் தரை ஒரு படம், பாத்ரூம் ஒரு படம், கிச்சன் மேடைக்கு மேல சுவர் ஒரு படம், படுக்கையறைல தலைமாட்டு சுவர் ஒன்னு, நாலும் அருமையான படம். நான் 22 வருஷமா டைல்ஸ் ஒட்டுற மேஸ்திரி, எங்க வேலை பத்தி பேப்பர்ல வர்றதே அபூர்வம், அதனால அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து டூல்ஸ் பெட்டிக்குள்ள பத்திரமா வெச்சிருக்கேன். ஆனா படிச்ச அன்னைக்கே இந்த லெட்டர் எழுதிடணும்னு தோணிச்சு. நாலு படத்துலயும் தரையோட நடு, சுவரோட நடு மட்டும்தான் இருக்கு. டைல்ஸ் போயி சுவர்ல முட்டுற இடம், கதவுகிட்ட முடியற இடம், மூலை, ஒன்னு கூட இல்ல. அறுகோண டைல்ஸ்ல பாதி வேலை அங்கதான் இருக்கு, வீட்டுக்காரங்க மனசு ஒடிஞ்சு போறதும் அங்கதான்.

ஏன்னா எங்ககிட்ட வர்றவங்க எல்லாரும் இந்த மாதிரி ஒரு படத்தை போன்ல வெச்சுகிட்டுதான் வர்றாங்க. இதே மாதிரி வேணும் மேஸ்திரின்னு காட்டுவாங்க. நடு அப்படியே வரும், அதுல ஒரு கஷ்டமும் இல்ல. ஓரம் எப்படி இருக்கணும்னு கேட்டா அவங்களுக்கு தெரியாது, ஏன்னா படத்துல இல்ல, அவங்க பாத்ததே இல்ல. கடைசி வரிசை போட்டு முடிஞ்சதும் தரையை பாப்பாங்க, முகம் மாறும், என்னமோ சரியில்லன்னு சொல்வாங்க, என்னன்னு சொல்லத் தெரியாது. அந்த என்னமோ என்னன்னு நான் சொல்றேன்.

சதுர டைலை சுவர் ஓரத்துல வெட்டினா கிடைக்கிறது ஒரு பட்டை, அகலம் கம்மியா இருந்தாலும் பட்டை பட்டைதான், கண்ணு அதை மன்னிச்சிடும். அறுகோணம் அப்படி இல்ல. முனை மேல பாக்கற மாதிரி வரிசையா அடுக்கறோம்னு வெச்சுக்கங்க, இடது சுவரும் வலது சுவரும் பிரச்சனை இல்ல, ஒரு வரிசைல முழு டைல் வந்து சுவரைத் தொடும், அடுத்த வரிசைல பாதி டைல் வரும், ஒரு டைலை முனையிலேருந்து முனைக்கு நேரா அறுத்தா ரெண்டு பாதியும் உபயோகமாயிடும், ஒன்னு இந்த சுவருக்கு ஒன்னு அந்த சுவருக்கு. தகராறு மத்த ரெண்டு சுவர்லதான். அங்க வரிசையோட முனைங்க எல்லாம் ரம்பப் பல்லு மாதிரி சுவரைப் பாத்துகிட்டு நிக்கும், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்கிற பள்ளத்தை எதையாவது வெச்சு அடைக்கணும்.

டைலோட நேர் பக்கம் முடிஞ்சு சாய்வு ஆரம்பிக்கிற இடத்தை நாங்க தோள்னு சொல்லுவோம். சுவர் கோடு சரியா அந்த தோள் மட்டத்துல வந்து விழுந்தா பள்ளமே கிடையாது, முனையை மட்டும் சீவிட்டா நேர் கோடா நின்னுடும், பாக்க அவ்வளவு சுத்தமா இருக்கும். அதே கோடு தோளுக்கு மேல அரை இன்ச் தள்ளி விழுந்துச்சுன்னா போச்சு, ஒவ்வொரு ரெண்டு டைலுக்கு நடுவுலயும் அரை இன்ச் உயரம், ஒன்னே முக்கால் இன்ச் அகலத்துல தலைகீழா ஒரு முக்கோணச் சில்லு வெக்கணும். 8 இன்ச் டைல்னா 10 அடி சுவருக்கு அந்த மாதிரி 15 சில்லு. அறுக்கும்போதே பாதி உடையும், மிச்சம் வெச்சாலும் அடியில ஒட்டு மருந்து புடிக்க இடம் கிடையாது, கொஞ்ச நாள்ல துடைப்பம் பட்டே கழண்டு வரும். வீட்டுக்காரங்க கண்ணுல உறுத்துற அந்த என்னமோ இதுதான்.

இதை தடுக்க முடியுமான்னா நல்லாவே முடியும், டைல் வாங்கறதுக்கு முன்னாடி ரூமை அளந்து பேப்பர்ல வரைஞ்சு பாத்தா போதும். 8 இன்ச் டைல்ல ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் ஏழு இன்ச்சுக்கு ஒரு துளி கம்மியா வரும், 10 அடில 17 வரிசையும் கொஞ்சம் மிச்சமும். அந்த மிச்சத்தை ஒரே சுவர்ல கொண்டு போயி தள்ளாம ரெண்டு சுவருக்கும் பிரிச்சு குடுக்கலாம். இன்னொரு வழியும் இருக்கு, ஜாயின்ட்டை, அதாவது டைலுக்கும் டைலுக்கும் நடுவுல விடற இடைவெளியை, 2 எம்எம் வெக்கறதுக்கு பதிலா 3 எம்எம் வெச்சா 17 வரிசைல மொத்தமா அரை இன்ச்சுக்கு மேல தள்ளிடும், ஜாயின்ட்ல ஒரு எம்எம் கூடினது யார் கண்ணுக்கும் தெரியாது, ஓரத்துல அந்த சில்லு பூராவும் காணாம போயிடும். இதை நான் ஒரு பெரியவர்கிட்ட கத்துக்கிட்டேன், அவரு டைல் பெட்டியைப் பிரிக்கறதுக்கு முன்னாடி அரை நாள் ரூம்ல சும்மா நடந்து நடந்து அளப்பாரு. வேலையே ஆரம்பிக்கலையேன்னு வீட்டுக்காரங்க கேப்பாங்க, அளக்கறதுதான் வேலைன்னு சொல்லிட்டு மறுபடி டேப்பை நீட்டுவாரு.

அளவு பத்தி பேசும்போது ஒரு முக்கியமான விஷயம், இதையும் உங்க கட்டுரைல விட்டுட்டீங்க. அறுகோண டைல்ல 8 இன்ச்னு சொன்னா அதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு. பட்டைக்குப் பட்டை, அதாவது ஒரு நேர் பக்கத்துலேருந்து எதிர் பக்கத்துக்கு, 8 இன்ச்சா, முனைக்கு முனை 8 இன்ச்சா. மேல நான் போட்ட கணக்கு எல்லாம் பட்டைக்குப் பட்டைதான். பட்டைக்குப் பட்டை 8 இன்ச்னா முனைக்கு முனை 9கால் இன்ச் கிட்ட வரும். ஜாயின்ட் சேக்காம பாத்தா இந்த டைல் 100 சதுர அடிக்கு 260 வேணும். முனைக்கு முனை 8 இன்ச் டைலா இருந்தா அதே 100 சதுர அடிக்கு 346 வேணும். 86 டைல் வித்தியாசம். ஒரு வீட்ல படம் பாத்து ஆர்டர் பண்ணி, எண்ணிக்கைய பட்டைக்குப் பட்டை கணக்குல போட்டு, வந்தது முனைக்கு முனை 8 இன்ச் டைலா போச்சு. முக்கால் ரூம் முடிஞ்சு நிக்குது, மறுபடி ஆர்டர் போட்டா அடுத்த பேட்ச் வருது, கலர் ஒரு சாயல் வேற. அந்த ஜன்னல் பக்கம் வெயில் விழும்போது கோடு கிழிச்ச மாதிரி தெரியும், இன்னைக்கும் அப்படியேதான் கிடக்கு. அதனால கடைல கேக்கற முதல் கேள்வி கலரா இருக்கக் கூடாது, எங்கேருந்து எங்க அளந்தீங்கன்னு கேளுங்க, முடிஞ்சா கைல டேப் வெச்சு நீங்களே அளங்க. சேதாரத்துக்கும் சதுர டைல் மாதிரி 5, 10 சதவீதம் பத்தாது, 15 சதவீதம் கூட வாங்கி வெக்கறது நல்லது, எல்லாம் ஒரே பேட்ச் நம்பர்ல இருக்கான்னு பெட்டி பெட்டியா பாருங்க. மிச்சமாகற டைலை தூக்கிப் போடாம பரண்ல வெச்சுடுங்க, பின்னாடி பைப் ரிப்பேர்னு தரையை உடைச்சா அப்ப கை குடுக்கும்.

இது புது டிரெண்டுன்னு எழுதியிருந்தீங்க, அது மட்டும் எனக்கு கொஞ்சம் வருத்தம். துருக்கில எதிர்னேங்கிற ஊர்ல முராதியே மசூதி சுவர்ல நீலமும் வெள்ளையுமா கையால வரைஞ்ச அறுகோண ஓடு பதிச்சிருக்காங்க, மசூதி கட்டினது 1436 வாக்குல. பிரான்ஸோட தெற்குல ப்ரொவான்ஸ் பக்கம் டொமெட்னு ஒரு சுட்ட மண்ணு ஓடு, செக்கச் செவேல்னு அறுகோணமா இருக்கும், அந்த செவப்பு மண்ணுல இருக்கிற இரும்பால வர்றது, தலைமுறை தலைமுறையா அங்க வீட்டுத் தரையே அதுதான். அமெரிக்காவுல 1900 ஒட்டின காலத்துல பாத்ரூம் தரைக்கு ஒரு இன்ச் வெள்ளை அறுகோண போர்சலினை தேடித் தேடி போட்டாங்க, கிருமிங்க பத்தி ஜனங்க புரிஞ்சுக்க ஆரம்பிச்ச நேரம், அழுக்கு ஒட்டினா உடனே கண்ணுக்கு தெரியணும், தேய்ச்சா போகணும்னு வெள்ளையா போட்டாங்க. இதெல்லாம் எதுக்கு சொல்றேன்னா, பல பேரு என்கிட்ட கேக்கற கேள்வி இந்த ஃபேஷன் ரெண்டு வருஷத்துல பழசாயிடுமா மேஸ்திரின்னுதான். 600 வருஷமா பழசாகல. பழசாகறது அதுக்கு மேல அடிக்கிற கலரும் பிரிண்டும்தான், வடிவம் அப்படியே நிக்கும்.

ஏன் நிக்குதுன்னு என் பொண்ணு ஒருநாள் சொல்லிக் குடுத்தா, அவ காலேஜ்ல கணக்கு படிக்கிறா. எல்லா பக்கமும் எல்லா மூலையும் ஒரே அளவா இருக்கிற வடிவத்துல முக்கோணம், சதுரம், அறுகோணம் இந்த மூணை மட்டும்தான் இடைவெளி விடாம தரை பூரா பரப்ப முடியும். அறுகோணத்தோட ஒரு மூலை 120 டிகிரி, மூணு மூலை சேந்தா 360, அச்சா அடைஞ்சிடுது. அஞ்சு பக்க வடிவத்துல ஒரு மூலை 108, மூணு சேத்தா 324, 36 டிகிரி சந்து திறந்தே நிக்கும். அப்புறம் அவ இன்னொன்னு சொன்னா, ஒரே பரப்பளவுல தரையை துண்டு துண்டா பிரிக்கணும்னா எல்லாத்தையும் விட கம்மியா கோடு செலவாகறது அறுகோணத்துலதான், தேனீ கட்டற கூடு அப்படி இருக்கறதுக்கு இதைத்தான் காரணமா 2000 வருஷமா சொல்லிகிட்டு வந்தாங்க, 1999லதான் தாமஸ் ஹேல்ஸ்னு ஒரு அமெரிக்க கணித அறிஞர் அதை முழுசா நிரூபிச்சாருன்னு. நான் உடனே என் வேலைக்கு கணக்கு போட்டு பாத்தேன். ஒரே பரப்பளவு சதுர டைலையும் அறுகோண டைலையும் வெச்சு பாத்தா அறுகோணத்துல ஜாயின்ட் நீளம் 7 சதவீதம் கம்மி. அறுகோணம்னா ஜாயின்ட் ஜாஸ்தி, அழுக்கு சேரும்னு பயப்படறாங்களே, அது வடிவத்தால வர்றது இல்ல, சின்ன சைஸ் எடுக்கறதால வர்றது. 8 இன்ச் எடுக்கற இடத்துல ஒரு இன்ச் எடுத்தா ஜாயின்ட் நீளம் எட்டு மடங்கு ஆயிடும், அதை தேய்ச்சு கழுவ தெம்பு இருக்கான்னு யோசிச்சுட்டு எடுங்க.

ஆனா ஒரு இடத்துல சின்னதுதான் சரி, குளிக்கிற இடம். அங்க தண்ணி வெளிய போற ஓட்டை மேல இருக்கிற ஜாலியைப் பாத்து ஓட வாட்டம் குடுக்கணும், ஒரு அடிக்கு ரெண்டு நூல் இறங்கணும். நூல்னா எங்க பேச்சுல ஒரு இன்ச்சுல எட்டுல ஒரு பங்கு. நாலு பக்கத்துலேருந்தும் வாட்டம் நடுவுக்கு வந்தா தரை கிண்ணம் மாதிரி குழியும், 8 இன்ச் டைல் குழியாது, ஒரு முனை தூக்கிகிட்டு நிக்கும், வெறுங்கால்ல இடிக்கும். ஒரு இன்ச், ரெண்டு இன்ச் மொசைக்னா தரை எப்படி வளையுதோ அப்படியே வளைஞ்சு போகும், ஜாயின்ட் நிறைய இருக்கறதால சோப்புத் தண்ணிலயும் கால் வழுக்காம புடிப்பு இருக்கும். அதை ஷீட்டா, பின்னாடி வலை ஒட்டி விப்பாங்க. ஷீட்டுக்குள்ள இருக்கிற இடைவெளியும் ஷீட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவுல விடற இடைவெளியும் ஒரு மயிரிழை மாறினாலும் தரை பூரா ஒரு அடிக்கு ஒரு அடி கட்டம் போட்ட மாதிரி தெரியும், ஒட்டறப்ப தெரியாது, க்ரவுட், அதாவது ஜாயின்ட்டை அடைக்கிற பூச்சு, காஞ்ச அப்புறம்தான் தெரியும், அப்ப ஒன்னும் பண்ண முடியாது. நான் ஷீட் ஓரத்துல இருக்கிற டைல்ங்களை வலையிலேருந்து பிரிச்சு ஒன்னொன்னா கையால தள்ளி வெப்பேன், நேரம் புடிக்கும்.

நேரம்னு வந்ததால சொல்லிடறேன். சதுர டைல்ல ஜாயின்ட் ரூமோட இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் நேரா ஓடும், நடுவுல ஒரு டைல் ஒரு எம்எம் பெருசா வந்தா அடுத்த ஜாயின்ட்ல கொஞ்சம் இழுத்து சரி பண்ணிக்கலாம். அறுகோணத்துல நேரா ஓடற ஜாயின்ட்டே கிடையாது, ஒவ்வொரு ஜாயின்ட்டும் ஒரு பக்கம் போன உடனே எதிர்ல ஒரு டைல் மறிச்சுகிட்டு நிக்கும், தப்பை தள்ளிவிட இடமே இல்ல. நான் தொழிலுக்கு வந்த புதுசுல முதல் அறுகோண வேலைல இதுல நல்லா மாட்டினேன். கதவோரம் ஒரு மூலைல ஆரம்பிச்சு கண் பார்வைலயே ஒட்டிகிட்டு போனேன், ஜாயின்ட் எல்லாம் ஸ்பேசர் வெச்சுதான், ஸ்பேசர்னா இடைவெளி ஒரே அளவா நிக்க டைலுக்கு நடுவுல சொருகற சின்னத் துண்டு. பத்தாவது வரிசைல மூணு டைல் சேர்ற இடத்துல ஸ்பேசரோட மூணாவது கால் நுழையல. தட்டித் தட்டி நுழைச்சேன். பதினாலாவது வரிசைல ஒரு பக்கம் நுழையல, இன்னொரு பக்கம் ஸ்பேசர் தொளதொளன்னு ஆடுது. அப்பதான் புரிஞ்சுது, டைல்ங்க அளவே பெட்டிக்குப் பெட்டி அரை எம்எம், ஒரு எம்எம் மாறுது, நான் எல்லாத்தையும் கலந்து ஒட்டிகிட்டு வந்திருக்கேன். ஆறு வரிசையை அன்னைக்கு ராத்திரி ஈரம் காயறதுக்குள்ள பேத்து எடுத்து, கழுவி, காலைல மறுபடி ஒட்டினேன். அதுலேருந்து ஒட்டறதுக்கு முன்னாடி டைலை அளவு வாரியா மூணு அடுக்கா பிரிச்சுடுவேன், ரூம் நடுவுல மூலைமட்டம் பாத்து ரெண்டு கோடு போட்டு அங்கேருந்துதான் ஆரம்பிப்பேன், ரெண்டு வரிசைக்கு ஒருக்கா நூல் கட்டுவேன், முனைங்க எல்லாம் நூலைத் தொட்டும் தொடாம நிக்கணும். மூணு கால் ஸ்பேசர் கேட்டு வாங்குங்க, கூட்டல் குறி மாதிரி இருக்கிற நாலு கால் ஸ்பேசர் இதுக்கு சேராது, ஒரு காலை ஒடிச்சுட்டு வெக்கறாங்க, அது சரியா உக்காராது.

இதனாலதான் சதுர டைலுக்கு ஆகற நாளை விட இதுக்கு நாள் கூடுதலா ஆகும், கூலியும் அதே சதுர அடி கணக்குல பேசக் கூடாது. உங்க கட்டுரைல டைல் தேர்ந்தெடுக்கறது பத்தி முழுசா இருக்கு, அதை ஒட்டறவனுக்கு எத்தனை நாள் வேணும்னு ஒரு வரி இல்ல. அந்த ஒரு வரி இருந்திருந்தா படிச்சவங்க மேஸ்திரியை அவசரப்படுத்த மாட்டாங்க. அவசரப்படுத்தினா முதல்ல குறையறது அளக்கற நேரம்தான், அப்புறம் ட்ரை லே. ட்ரை லேன்னா ஒட்டாம சும்மா பரப்பி பாக்கறது. கதவைத் திறந்து உள்ள வர்றப்ப முதல்ல கண்ணுல படற இடத்துல முழு டைல் வரணும், வெட்டு விழற இடம் கதவுக்குப் பின்னாடி, பீரோவுக்கு அடியில போகணும், இதை பரப்பி வெச்சு வாசல்ல நின்னு பாத்தாதான் தெரியும். வீட்டுக்காரங்களையும் கூப்ட்டு நிக்க வெச்சு காட்டுவேன், அந்த நேரத்துல மாத்தணும்னா கையால தள்ளினா போதும்.

ஒட்டற மருந்துலயும் காசு புடிக்கக் கூடாது. போர்சலின் டைல் 0.5 சதவீதத்துக்கு மேல தண்ணி உறிஞ்சாது, அதனால வெறும் சிமெண்ட் பால் ஊத்தி ஒட்டினா அதுக்குள்ள பிடிமானமே இறங்காது, தட்டிப் பாத்தா டொக்கு டொக்குன்னு சத்தம் வரும், அதுக்குன்னு இருக்கிற பாலிமர் கலந்த அடெசிவ்தான் போடணும், பல்லு வெச்ச கரண்டியால இழுத்து, டைல் முதுகுலயும் ஒரு பூச்சு பூசி.

கலர் பத்தி நீங்க நிறைய எழுதிட்டீங்க, நான் ஒன்னே ஒன்னு சேக்கறேன், அது என் மனசுல ரொம்ப நாளா இருக்கறது. மூணு சாயல்ல ஒரு அறுகோணத்தை மூணு சாய்சதுரமா பிரிச்சு போட்டா தரை பூரா பெட்டி பெட்டியா அடுக்கி வெச்ச மாதிரி தெரியும், உங்க ஹால் படம் அதுதான். பாக்க பிரமாதம், நானே நாலஞ்சு வீட்ல போட்டிருக்கேன். ஒரு வீட்ல படுக்கையறையிலேருந்து பாத்ரூம் போற நடைல அதைப் போட்டோம். வேலை முடிஞ்சு சாமானைக் கட்டிகிட்டு இருந்தேன், அந்த வீட்டுப் பாட்டி சுவரைப் புடிச்சுகிட்டு வந்தாங்க, நடை ஆரம்பத்துல வந்து நின்னுட்டாங்க. ஒரு காலைத் தூக்கினாங்க, படி ஏறற மாதிரி, உயரமா. அங்க படி இல்ல, கால் தொப்புன்னு கீழ விழுந்துச்சு, உடம்பு முன்னாடி சாஞ்சுது, நான் ஓடிப்போயி கையைப் புடிச்சேன். ஒன்னும் ஆகல. ஆனா அவங்க அதுக்கப்புறம் அந்த நடைல தனியா நடக்கவே இல்லன்னு பின்னாடி கேள்விப்பட்டேன், யாராவது கூட வந்தாதான் வருவாங்களாம். கண் பார்வை மங்கினவங்களுக்கும் ஞாபக மறதி இருக்கிறவங்களுக்கும் கறுப்பு வெள்ளையா முகத்துல அடிக்கிற பேட்டர்ன் பள்ளமாவும் மேடாவும் தெரியும். அந்த பெட்டி டிசைனை சுவர்ல போடுங்க, தலைமாட்டு சுவர்ல, சாப்பாட்டு மேஜைக்குப் பின்னாடி, அங்க அதுக்கு எவ்வளவு அழகு வேணுமோ அவ்வளவும் கிடைக்கும். நடக்கற இடத்துல, அதுவும் நடைலயும் படிக்கட்டு பக்கத்துலயும், ஒரே கலர் இல்லன்னா பக்கத்து பக்கத்து சாயல் ரெண்டு, அவ்வளவுதான். இப்பல்லாம் யாரு கேட்டாலும் வீட்ல வயசானவங்க இருக்காங்களான்னு கேட்டுட்டுதான் டிசைன் பேசறேன்.

க்ரவுட் கலரும் அதே மாதிரி யோசிக்கணும். வெள்ளை டைலுக்கு கறுப்பு க்ரவுட் போட்டா தேன்கூடு பளிச்சுன்னு தெரியும், ஒவ்வொரு தப்பும் பளிச்சுன்னு தெரியும், அரை நூல் நகந்திருந்தா கூட. டைல் கலருக்கு ஒரு சாயல் மட்டும் அடர்த்தியா எடுத்தா வடிவமும் தெரியும், தரை அமைதியா இருக்கும், அழுக்கும் சீக்கிரம் காட்டாது. சிமெண்ட்ல செஞ்ச டைல்னா க்ரவுட் போடறதுக்கு முன்னாடியே ரெண்டு கோட் சீலர், அதாவது உள்ள எதுவும் ஊறாம தடுக்கிற பூச்சு, அடிச்சே ஆகணும், அது ஸ்பாஞ்ச் மாதிரி எல்லாத்தையும் குடிக்கும், சீலர் இல்லாம கறுப்பு க்ரவுட் தடவினா வெள்ளை டைல் ஓரம் பூரா மை ஊறின பேப்பர் மாதிரி ஆயிடும். ஆசிட் போட்டு கழுவிடலாம்னு நெனைக்காதீங்க, ஆசிட் சிமெண்ட்டையே தின்னுடும்.

டிசைன் உள்ள டைல்னா முதுகுல அம்புக்குறி இருக்கான்னு பாருங்க. ஸ்பெயின் நாட்டு பார்சிலோனாவுல அந்தோனி கௌதி, கட்டடக்கலைல பெரிய மேதை, 1900களோட ஆரம்பத்துல ஒரு அறுகோண டைல் டிசைன் பண்ணினாரு, ஒரே கலர், கடல் ஜீவனுங்களும் கடல் பாசியும் மேடு பள்ளமா செதுக்கின மாதிரி இருக்கும். ஒரு டைலை மட்டும் கைல எடுத்துப் பாத்தா ஒன்னும் புரியாது, ஏழு டைல் சேந்தாதான் முழுப் படம் வரும். காசா மீலாங்கிற கட்டடத்துக்குள்ள அதைத்தான் போட்டாங்க, இன்னைக்கு அந்த ஊர்ல பெரிய தெரு நடைபாதைலயும் அதே டிசைன் கிடக்கு. அதை ஒட்டின மேஸ்திரிங்களை நான் நெனச்சுப் பாப்பேன். ஒரு டைலை ஒரு முனை திருப்பி வெச்சா சுத்தி இருக்கிற மூணு ஜீவனும் வெட்டுப்பட்டு போயிடும், ஒவ்வொன்னா திருப்பிப் பாத்து, பொருத்தி, தட்டி, எத்தனை ஆயிரம் டைல்.

மரத்தரையோட அறுகோண டைல் கலந்து கரையற மாதிரி ஒரு படத்துல லேசா தெரிஞ்சுது, அதைப் பத்தி மட்டும் ஒரு எச்சரிக்கை. டைல் அசையாது, மரம் ஈரத்துக்கு உப்பும், வறட்சிக்கு சுருங்கும். ரெண்டையும் நெருக்கி முட்ட விட்டா மரம் தூக்கிகிட்டு எழும். டைலை முதல்ல போட்டு முடிச்சு, அந்த வளைவு நெளிவை மரத்து மேல வரைஞ்சு அறுத்து, நடுவுல இடைவெளி விட்டு, அதுல க்ரவுட் போடாம வளைஞ்சு குடுக்கிற சீலன்ட்டோ கார்க் பட்டையோ வெக்கணும். ரெண்டோட கனமும் வேற வேற, கீழ்த்தரை மட்டத்தை அதுக்கு தகுந்த மாதிரி முன்கூட்டியே ஏத்தி இறக்கி வெக்கணும், மரக்காரரும் நானும் ஒரே நாள் ஒரே ரூம்ல நின்னு பேசினாதான் அது நடக்கும். சுவர்ல பாதியில கரைஞ்சு நிக்கற மாதிரி டைலை முடிக்கிறதும் அப்படித்தான், வெட்டாத ஓரம் வெளிய தெரியும், 8 எம்எம் கனம், அதுல பிஸ்கட் கலர் களிமண்ணு தெரியற டைலா இருந்தா அசிங்கமா இருக்கும், உடம்பு பூரா ஒரே கலர் உள்ள டைலா எடுக்கணும், இல்லன்னா சுவர்ப் பூச்சை டைல் மட்டத்துக்கு கொண்டு வந்து ஓரத்தை மூடணும்.

ஆசிரியர் ஐயா, என் வேண்டுகோள் இதுதான். அடுத்த தடவை தரை பத்தியோ சுவர் பத்தியோ போடும்போது ஒரு படமாவது கேமராவை கீழ எறக்கி, கதவு நிலைகிட்ட, சுவர் ஓரத்துல வெச்சு எடுத்துப் போடுங்க. அந்தப் படத்துல தெரியற வெட்டைப் பாத்தா படிக்கிறவங்களுக்கு என்ன கேக்கணும்னு தெரிஞ்சுடும், எங்கேருந்து எங்க அளந்தீங்க, ஓரத்துல எந்தத் துண்டு வருது, பரப்பிக் காட்டுவீங்களான்னு. கேட்டுகிட்டு வர்றவங்களுக்கு வேலை செய்யறது எங்களுக்கும் நிம்மதி. நாளைக்கு ஒரு வீட்ல 12 அடிக்கு 10 அடி ரூம், 8 இன்ச் சாம்பல் கலர், காலைல போயி பரப்பணும், தோள் மட்டம் ஒரு பக்கம் மூணு நூல் இடிக்குது, ஜாயின்ட்டை ஏத்தி சரி பண்ணிடலாம்னு கணக்கு வருது. ஓரம் நல்லா வந்தா படம் எடுத்து உங்க ஆபீசுக்கு அனுப்பி வெக்கறேன், இடம் இருந்தா போடுங்க.

இப்படிக்கு,
டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி ஒருவர்